விறகுக்குப் போகிற பலகையில் ஒரு மேசை: பழைய பொருட்களோடு வேலை செய்யத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்தபோது எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. ஓடுகளைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போனார். வாரைகளும் உத்திரங்களும் லாரியில் ஏறின. உடைந்த ஜன்னல் கதவுகளை விறகுக்கு என்று மூலையில் ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குவியலிலிருந்து மூன்று பலகைகளை நான் எடுத்து வந்தேன். இப்போது நான் எழுதுகிற மேசையின் மேல்பலகை அவைதான். கால், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால்.

இந்த மேசையை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்து முடித்துவிட்டால் பெஞ்சு, அலமாரித் தட்டு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மரத்தைப் புதியது போல ஆக்குவது நம் வேலை இல்லை. அதன் வலுவை மீட்டு, வயதை அப்படியே விட்டுவைக்க வேண்டும். கீல் இருந்த பள்ளம், தாழ்ப்பாள் தேய்த்த கோடு, யாரோ ஆணி அடித்த கறுப்பு வட்டம் எல்லாம் இருக்கட்டும். அவற்றை அழிப்பதென்றால் கடையில் புதுப் பலகையே வாங்கிவிடலாம்.

எங்கே தேடுவது

வீடு இடிக்கிற இடம்தான் முதல் இடம். இடிப்பு வேலையை எடுத்திருப்பவரிடம் முதல் நாளே பேசி வையுங்கள். இயந்திரம் உள்ளே போன பிறகு கேட்டால் பிளந்த பலகைதான் கிடைக்கும். அடுத்தது பழைய மரக்கடை. கதவு, நிலை, ஜன்னல், உத்திரம் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளுக்காகப் பர்மாவிலிருந்து வந்த தேக்கை அங்கே கதவாகவும் தூணாகவும் பெட்டியாகவும் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே போய் உடனே வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறை போய்ப் பல வகை மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்து வருவது பெரிய பாடம்.

பழைய மரத்தைப் பல கடைகளில் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். கணக்குத் தெரியாமல் போகாதீர்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 12 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் 108-ஐ 144-ஆல் வகுக்க முக்கால் கன அடி வரும்.

இன்னொன்று, கொடுப்பவரின் மனதையும் பாருங்கள். நிலைவாசலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு வீட்டு நிலையை வாங்கி வந்து கால் வைக்கிற பலகையாக மாற்றுவது அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு வலிக்கும். நான் நிலைச் சட்டங்களைக் கண்ணாடிக்கும் அலமாரிக்கும் மட்டுமே எடுக்கிறேன். கோவில் தேர், சிற்பத் துண்டு என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். நூறு வயது கடந்த சிற்பங்களுக்கும் கலைப்பொருட்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கிறது.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்

பலகையைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே உளுத்திருக்கலாம். விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் கணீர் என்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். ஒரு சிறு ஆணியை ஓரத்தில் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ள வேண்டும். தேக்கைச் சுரண்டினால் தோல் போன்ற ஒரு வாசனையும் லேசான எண்ணெய்ப் பசையும் தெரியும். பலா முதலில் மஞ்சளாக இருந்து நாளாக ஆகச் செம்பழுப்பாகிவிடும். பனை வாரை அழகுதான், கறுப்பு நார் ஓடும், வலுவும் உண்டு. ஆனால் அதன் சிலாம்பு கையில் ஏறினால் லேசில் எடுக்க முடியாது. முதல் வேலைக்கு அது வேண்டாம்.

ஊசி முனை அளவு ஓட்டைகள் பழைய மரத்தில் இருப்பது சகஜம். ஓட்டை இருப்பது பிரச்சினை இல்லை, அதற்குள் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பலகையை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மாவு போன்ற தூள் விழுந்திருந்தால் உள்ளே பொடிவண்டு வேலை செய்கிறது. முதல் தடவை இது தெரியாமல் ஒரு பலகையை நேராக வீட்டுக்குள் கொண்டுவந்து சாய்த்து வைத்தேன். சில மாதங்களில் அப்பாவின் புத்தக அலமாரியின் அடித்தட்டிலும் தூள் கொட்டத் தொடங்கியது. அந்தத் தட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தப் பழைய மரமும் எங்கள் வீட்டில் முதல் இரண்டு வாரம் தாழ்வாரத்தில்தான் தங்கும்.

தூள் விழுந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் செலுத்தி, பலகை முழுவதும் இரண்டு முறை தூரிகையால் பூசி, பாலித்தீன் தாளில் ஒரு வாரம் சுற்றி வையுங்கள். கையுறை கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

தொடவே கூடாத சிலவும் உண்டு. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் வீட்டுக்குள் அதற்கு இடமில்லை, அது புற்றுநோய் தரக்கூடியது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை அறுக்கவோ உரசவோ கூடாது. பாலெட் எனப்படும் சரக்குப் பலகைக் கட்டைகளை எடுத்தால் பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுமதிக்கான கட்டைகளில் கோதுமைக் கதிர்ச் சின்னமும் நாட்டுக் குறியும் இருக்கும். அதோடு எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி நீக்கியது என்று பொருள். அதை எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாமல், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய பெயின்ட்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உரிந்த பச்சைப் பெயின்ட்டும் நீலப் பெயின்ட்டும்தான் பழைய ஜன்னலின் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை எல்லாம் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், அதில் சமரசமே கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தூள் பறக்கும். தீ ஜுவாலை காட்டி உரிக்கவும் கூடாது, ஆவியை மூச்சில் இழுப்பீர்கள். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் தகட்டால் வழித்தெடுத்து, மிச்சத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரால் எடுக்க வேண்டும். திறந்தவெளியில், கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வழித்த கசடைத் தாளோடு சுருட்டிக் கட்டி அபாயக் குப்பையாகத் தனியே கொடுங்கள். தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில், பெயின்ட் அடித்த பழைய மரத்தை எடுக்காமலே இருப்பதுதான் என் யோசனை. பெயின்ட் படாத, வெறும் எண்ணெய் தேய்த்த மரம் நிறையக் கிடைக்கிறது.

சரி, மேசைக்கு வருவோம்

வேண்டியவை: ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலத் தடிமனில் மூன்று ஜன்னல் கதவுப் பலகைகள், ஒவ்வொன்றும் ஆறரை அல்லது ஏழு அங்குல அகலம், 40 அங்குல நீளம். குறுக்கே கொடுக்க ஒரு அங்குலத் தடிமன், இரண்டரை அங்குல அகலத்தில் இரண்டு சட்டங்கள். தையல் மிஷின் கால் ஒன்று. கருவிகளில் ஆணிக் குறடு, சுத்தியல், கை ரம்பம், மூலைமட்டம், டிரில், திருப்புளி, கம்பி பிரஷ், 80, 120, 180 எண் உப்புத்தாள்கள் போதும். இழைப்புளி பிடிக்கத் தெரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், அந்த ஒரு வேலையை ஆசாரியிடம் கொடுத்துவிடலாம்.

ஆணி எடுப்பதில்தான் தொடங்க வேண்டும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நேராக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டித் தலையை வெளியே வரவைத்து, குறட்டின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்து நெம்புங்கள். துண்டு வைக்காவிட்டால் பலகையில் பள்ளம் விழும். தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கெட்டுப்போன ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் அது திரும்பும். ஒரு ஆணி மிச்சம் இருந்தாலும் ரம்பத்தின் பல்லோ இழைப்பு இயந்திரத்தின் பிளேடோ போய்விடும். அதனால்தான் மில்காரர்கள் பழைய மரத்தை வாங்கத் தயங்குகிறார்கள்.

அப்புறம் சுத்தம். முதலில் காய்ந்த பிரஷ், பிறகு பிழிந்த ஈரத்துணி. தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டாம். ஈரம் பட்ட பலகையை நிழலில், ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் ஒரே அளவுக் குச்சிகள் கொடுத்து அடுக்கி இரண்டு வாரம் காய விடுங்கள். சித்திரை வெயிலில் போட்டுச் சீக்கிரம் காய வைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், ஓரம் வெடிக்கும்.

இனி உப்புத்தாள். 80-இல் தொடங்கி 120, பிறகு 180. எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் எண்ணெய் பூசிய பிறகு பளிச்சென்று தெரியும். எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மேல்பக்கத்தையும், கையும் காலும் படும் ஓரங்களையும் மட்டும் வழுவழுப்பாக்குங்கள். அடிப்பக்கத்தில் பழைய ரம்பத்தின் வரிகள் அப்படியே இருக்கட்டும். போதுமா என்று பார்க்க ஒரு பழைய மல் வேட்டித் துண்டை எடுத்துப் பலகை முழுவதும் இழுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் சிலாம்பு இருக்கிறது. தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசத்தை மறக்காதீர்கள்.

பலகைகளை எப்படி இணைப்பது? மூன்றையும் பசை போட்டு இறுக்கி ஒரே பலகையாக்குவது தேர்ந்த கைக்கு உரிய வேலை. மரம் அகலவாக்கில் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். ஆடிக் காற்றில் வறண்டு சுருங்கும், ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து உப்பும். அசைய இடம் கொடுக்காமல் கட்டிப்போட்டால் எங்காவது பிளந்துதான் தீரும். அதனால் நான் ஒவ்வொரு இரண்டு பலகைக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனுக்கு இடைவெளி விடுகிறேன். நாணயங்களையே இடையில் செருகி வைத்து வேலை செய்யலாம். அந்த இடைவெளி நாட்டு மேசைக்கு அழகாகவும் இருக்கும்.

பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு, நாணயங்களைச் செருகி, இரண்டு குறுக்குச் சட்டங்களையும் மேலே வையுங்கள். சட்டங்கள் மிஷின் காலின் இரண்டு பக்க இரும்பின்மேல் சரியாக உட்கார வேண்டும். ஆகவே முதலில் காலை அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு, ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஸ்குரூ. அவை பலகையின் நடுப்பகுதியில், மூன்று அங்குல இடைவெளியில் இருக்கட்டும், ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய தேக்கு நன்றாக வறண்டிருக்கும், நேராக ஸ்குரூ ஏற்றினால் வெடிக்கும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் துளையிட்டு, ஸ்குரூவின் மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்து ஏற்றுங்கள். நீளம் ஒன்றேமுக்கால் அங்குலம் சரியாக இருக்கும். இரண்டேகால் அங்குலம் போட்டால் மேல்பக்கம் நுனி எட்டிப் பார்க்கும்.

இரும்புக் கால்

சிங்கர், உஷா என்று பெயர் வார்த்த பழைய கால்கள் நம் ஊர் இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. வாங்கும்போது விரிசல் இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். இது வார்ப்பிரும்பு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் கண்ணாடி போல உடையும், உடைந்ததைத் தெருவோர வெல்டிங் பட்டறையில் ஒட்டினால் நிற்காது.

துருப்பிடித்த நட்டுகளின் மேல் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் காலையில் கழற்ற முடியும். கம்பி பிரஷால் துருவை எடுத்து, துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்துவிடுங்கள். சுத்தமான இரும்பை ஒரு ராத்திரி வெறுமே விட்டாலும் மறுபடி துரு பூக்கும். மறுநாள் பளபளப்பு இல்லாத கறுப்பு எனாமல். எழுத்துகளின் மேல் மட்டும் காய்ந்த பின் லேசாகத் தேய்த்தால் பெயர் இரும்பு நிறத்தில் தெளிந்து நிற்கும். நடுவில் குறுக்காக ஓடும் கம்பிகளின் நட்டுகளை நன்றாக முறுக்குங்கள், மேசை ஆடுவதும் ஆடாததும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் சக்கரத்தையும் மிதியையும் கம்பியால் அசையாமல் கட்டிவிடுங்கள். சக்கரத்தின் ஆரத்துக்கு நடுவில் சின்ன விரல் போனால் நசுங்கும்.

காலின் மேல்விளிம்பில் பழைய பலகையைப் பிடித்திருந்த துளைகள் இருக்கும். அவை வழியாகவே வாஷர் கொடுத்துக் கீழிருந்து குறுக்குச் சட்டத்தில் ஸ்குரூவை ஏற்றுங்கள். இரும்பில் புதிதாக எதையும் துளைக்க வேண்டியதில்லை. மொத்த உயரம் 29-இலிருந்து 30 அங்குலம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுத வசதியாக இருக்கும்.

எண்ணெய் பூசுவது

பலரும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிடுகிறார்கள். அது காயவே காயாது. தூசி ஒட்டும், சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய்தான் மரத்துக்குள் இறங்கி இறுகும். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். காய்ச்சாத எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். முதல் கோட்டுக்கு மட்டும் எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. துணியால் தடவி, 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு கோட், இவை வெறும் எண்ணெய். முதல் கோட்டிலேயே சாம்பல் நிறப் பலகை தேன் நிறத்துக்குத் திரும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்கு அலுத்ததில்லை.

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், காயும்போது வரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே சிமெண்ட் தரையில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

மேசையில் தண்ணீர்ச் சொம்பு வைக்கிற பழக்கம் இருந்தால் மேலே தேன்மெழுகு பூச்சு நல்லது. ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு எண்ணெய். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம்.

மிச்சப் பொருட்களுக்கு

மேசை முடிந்ததும் கை பரபரக்கும். மீந்த ஜன்னல் சட்டத்தில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி பொருத்தச் சொல்லி மாட்டலாம். எடை அதிகம் என்பதால் சாதாரண ஆணி போதாது, சுவரில் ஆங்கர் போல்ட் அடியுங்கள். பழைய மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமயப் பணி அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்துதான் இந்த ஓடுகளின் கதை தொடங்குகிறது. பெயர் உள்ள ஓட்டைக் கழுவிக் காயவைத்துச் சுவரில் மாட்டினாலே போதும், அதில் பூ வரைந்து மறைக்காதீர்கள். சுளகையோ மூங்கில் கூடையையோ விளக்குக்கு மூடியாக்கினால் சூடு குறைந்த எல்.இ.டி. பல்பு மட்டும் போட வேண்டும். ஒயரும் ஹோல்டரும் புதியதாக இருக்கட்டும், இணைப்பை எலக்ட்ரீஷியனே கொடுக்கட்டும். ஆட்டுக்கல்லைத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றாவிட்டால் கொசுதான் வளரும். உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரத்தில் பூ வையுங்கள், புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

மேசைக்கு வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். நான் புரட்டாசிக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் செய்கிறேன். மேல்பலகையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் ஒரு கோட். மேசையைக் கவிழ்த்து எல்லா ஸ்குரூவையும் கால் சுற்று முறுக்கிவிடுவேன். அடிப்பக்க ஓட்டைகளின் கீழே ஒரு வெள்ளைத் தாளையும் விரித்து வைத்துவிட்டு, மறுவாரம் தூள் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.